பதினாலாம் மெஷினில் இரண்டு விநாடி

நூல் அறுவதைப் பார்ப்பதற்கா சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று சுங்க அதிகாரி மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் ஆமாம் என்றேன். நான்காவது முறை அவர் கேட்கவில்லை. பெட்டிகளின் மேல் சாக்கட்டியால் ஒரு குறி போட்டுவிட்டு, இவனுக்கு வீட்டில் யாரும் இல்லையோ என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்து அனுப்பிவைத்தார்.

பெட்டிகள் இரண்டு. ஒன்றில் விநாடிக்கு ஆயிரம் படம் எடுக்கும் வீடியோ கேமரா, இன்னொன்றில் அதற்கான கம்பிகள், விளக்குகள், ஒரு சின்ன டிவி. தொண்ணூறுகளின் நடுவில் அப்படி ஒரு கேமரா எங்கள் கம்பெனியில் ஒன்றுதான் இருந்தது. சோடா பாட்டிலுக்கு மூடி ஏன் கோணலாக விழுகிறது, பிஸ்கட் எந்த இடத்தில் உடைகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாத வேகங்களைப் படம் பிடித்துக் காட்டுவது என் வேலை. இராஜபாளையத்து மில் முதலாளி ஒருவர் சிங்கப்பூருக்கு வந்தவர், சோடா பாட்டில் படத்தைப் பார்த்துவிட்டு, இது என் மில்லுக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். நான் சிராங்கூன் சாலைப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். தமிழ் படிப்பேன், பேசுவேன், தமிழ்நாட்டைப் பார்த்ததில்லை. அதனால் கேமராவோடு என்னையும் கட்டி அனுப்பினார்கள்.

புதன்கிழமை காலை. மில் கெஸ்ட் ஹவுஸ் வாசலில் வெள்ளை வெளேரென்று ஒரு நாய், மூக்கு மட்டும் ரோஸ் நிறத்தில். குரைக்கவில்லை. நான் பெட்டியைத் தூக்கினால் எழுந்தது, வைத்தால் உட்கார்ந்தது. இருபதடி தூரத்தைப் பத்து நிமிடத்தில் கடந்தேன். காலை உணவுக்கு இட்லியும் கோழிக் குழம்பும் வந்தன. எங்கள் ஊரில் அந்த நேரத்துக்கு ரொட்டியில் காயா என்கிற தேங்காய் ஜாம் தடவிக் கொடுப்பார்கள். நான்கு நாளும் எனக்கு ரொட்டி நினைவே வரவில்லை என்பதை என் மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.

மில்லுக்குக் கூட்டிப்போனவர் டிரைவர் ஞானமுத்து. ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், இப்போது முதலாளியின் அம்பாசடர் கார் அவர் கையில். முதலாளியும் ஸ்பின்னிங் மாஸ்டரும் தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டால் ஞானமுத்து எனக்கு மெதுவாகத் தமிழில் சொல்லிவிடுவார். நான் கேட்டதில்லை. அவராகவே எடுத்துக்கொண்ட பொறுப்பு அது.

விஷயம் இதுதான். பதினாலாம் நம்பர் மெஷினில் நூல் அடிக்கடி அறுகிறது. அதுவும் நடுவிலுள்ள பத்துப் பன்னிரண்டு கதிர்களில், அதாவது நூல் சுற்றும் தண்டுகளில்தான். அந்த மெஷின் முதலாளியின் அப்பா முதன்முதலில் வாங்கியது. அதற்கு நேர் மேலே ஆண்டாள் படம் மாட்டி மாலை போட்டிருந்தார்கள். அந்த மெஷினைக் குறை சொல்ல மில்லில் யாருக்கும் வாய் வராது. ஆகவே குறை, அதைப் பார்த்துக்கொள்ளும் சீனியம்மாள் தலையில் விழுந்திருந்தது. இருபது வருடமாக நூல் பார்த்து நின்ற அம்மாள், வயது நாற்பத்தைந்து இருக்கும். கை சரியில்லை என்று மாஸ்டர் முடிவு கட்டிவிட்டார். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அடுத்த வாரத்து ஷிப்ட் பட்டியல் ஒட்டுவார்கள். அதற்குள் வேறு காரணம் தெரியாவிட்டால் அவர் கழிவுப் பஞ்சு பிரிக்கும் அறைக்குப் போக வேண்டும். அங்கே கூலியும் குறைவு, தூசியும் அதிகம். ஆனால் அவருக்கு வலித்தது அதில்லை. கை சரியில்லை என்று நாலு பேர் முன்னால் சொன்னதுதான்.

“வியாழக்கெழமை ஆச்சுன்னா அம்புட்டு அறும் தம்பி,” என்றார் என்னிடம். “வெள்ளிக்கெழமைக்குப் பொறவு செத்த அடங்கும்.”

நூலுக்குக் கிழமை தெரியுமா என்று மாஸ்டர் சிரித்தார். நானும் கொஞ்சம் சிரித்தேன். அதற்காகப் பின்னால் வெட்கப்பட்டேன்.

கேமரா எப்படி வேலை செய்கிறது என்பதை முதலாளிக்கு விளக்கினேன். இது ஓயாமல் படம் எடுக்கும், ஓயாமல் அழித்துக்கொண்டும் இருக்கும். எந்த நேரமும் அதன் நினைவில் இருப்பது கடைசி இரண்டு விநாடிகள் மட்டுமே. நிறுத்து என்று ஒரு சிக்னல் கொடுத்தால் அப்படியே நின்றுவிடும். அதற்கு முந்தைய இரண்டு விநாடிகள் தங்கிவிடும். அதை ஒரு நிமிடத்துக்கும் மேலாக இழுத்து ஓட்டிப் பார்க்கலாம். நூல் அறுந்ததும் யாராவது, அல்லது ஏதாவது, அந்தச் சிக்னலைக் கொடுத்தால் போதும், அறுந்த காரணம் அகப்பட்டுவிடும். முதலாளி தலையாட்டிவிட்டு மாஸ்டரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். “என் சம்சாரம் மாதிரி, பழசெல்லாம் மறந்துரும், கடைசியாச் சொன்னதை மட்டும் பிடிச்சுக்கிடும்னு சொல்லுதாரு,” என்றார் ஞானமுத்து.

முதலில் சிக்னல் கொடுக்கும் பொறுப்பை ஒரு ஒளிக்கதிரிடம் விட்டேன். நூலின் மேல் ஒளி விழும். நூல் இல்லாமல் போனால் கருவி கேமராவை நிறுத்தும். பிஸ்கட் கம்பெனியில் அருமையாக வேலை செய்த கருவி. ஸ்பின்னிங் மில்லில் காற்றே பாதி பஞ்சு என்பதை அது அறியவில்லை. பொட்டுப் பஞ்சு குறுக்கே மிதந்தால் நூல் போனதும் வந்ததும் அதற்குப் புரியாமல் போனது. சாயங்காலம் வரை பஞ்சு பறப்பதை விதவிதமாகப் படம் பிடித்தேன். ஒரு துணுக்கு பார்ப்பதற்கு எங்கள் மேனேஜர் தூங்குவது போலவே இருந்தது. அதை மட்டும் டேப்பில் ஏற்றி வைத்துக்கொண்டேன்.

அன்று பரோட்டாக் கடையில் ஞானமுத்து எனக்குச் சாப்பிடச் சொல்லிக்கொடுத்தார். நான் எங்கள் ஊர் வழக்கப்படி ஒரு துண்டு பிய்த்து, குழம்பில் தொட்டு, நாகரிகமாக வாயில் வைத்தேன். கடைக்காரருக்கு அது பொறுக்கவில்லை. இலையிலிருந்த பரோட்டாவை அவரே வந்து பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவைக் குளம் கட்டிவிட்டுப் போனார். கல்யாணமான பிறகு இன்னொருவர் எனக்குச் சாப்பாடு பிசைந்து கொடுத்தது அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை. அந்த அம்மாள் சொன்னபடியே நூல் அறுந்து தள்ளியது. ஒளிக்கதிரை மூட்டை கட்டிவிட்டு நானே பொத்தானைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். பத்து நூலையும் இமைக்காமல் பார்க்க வேண்டும். இமைத்தேன். தும்மினேன். ஒரு முறை தும்மும்போது பொத்தானை அழுத்தி, ஒன்றுமே நடக்காத இரண்டு விநாடிகளை மிகத் தெளிவாகப் படம் பிடித்தேன். நூல் அறுந்ததை நான் கண்டுகொள்வதற்குள் சீனியம்மாள் அதை ஒட்டிவிட்டு அடுத்ததைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இவரிடமே பொத்தானைக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. இவரை விட முன்னால் யாரும் பார்க்கப்போவதில்லை. இடது கையில் பொத்தானைக் கொடுத்து, நூல் அறுந்ததும் முதலில் இதை அழுத்துங்கள், பிறகு ஒட்டுங்கள் என்றேன். சரி என்றார். நூல் அறுந்தது. பொத்தான் தரையில் விழுந்தது. இரண்டு கையும் நூலில் இருந்தன. ஒட்டிய கையோடு சட்டென்று குனிந்து பொத்தானை எடுத்துப் பொறுப்பாக அழுத்தி, பிறகு ஊதித் துடைத்தார்.

அறுந்த நேரம் அழிந்து போயிருந்தது. கேமராவில் இருந்ததெல்லாம் அவருடைய விரல்கள் நூலை ஒட்டி முடிக்கும் காட்சி.

மறுபடி முயன்றோம். மறுபடி விரல்கள். இருக்கட்டும் என்று அதையும் டேப்பில் ஏற்றி வைத்தேன். பொத்தானைக் கையோடு சேர்த்துக் கட்டினேன். ஒற்றைக் கையாலேயே ஒட்டினார். வலது கையை முந்தானையில் சுற்றிக்கொள்ளச் சொன்னேன். இடது கையால் ஒட்டினார். அறுந்தால் ஒட்டாமல் சும்மா நில்லுங்கள் என்று கெஞ்சினேன்.

“நானா ஒட்டுதேன்? கை தானாப் போயிருதே தம்பி,” என்றார். கண் கலங்கியிருந்தது. தன் வேலையைக் காப்பாற்றப் போகிற பொத்தானை அழுத்தத் தன் கையே விடவில்லை என்றால் யாருக்குத்தான் அழுகை வராது.

பட்டன் அமுக்கவே கை வணங்காதவருக்கு நூல் எப்படி வணங்கும் என்று மாஸ்டர் தெலுங்கில் சொன்னாராம். இதை மட்டும் ஞானமுத்து முணுமுணுப்பாகத்தான் சொன்னார். எனக்கு மாஸ்டர் மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் கேமராவைக் கொண்டுவந்து ஒன்றும் பிடிக்க முடியாதவன் கோபத்தை யார் மதிப்பார்கள்?

வெள்ளிக்கிழமை. முதலாளி வாரம் தவறாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஆண்டாளைச் சேவித்து, சாத்திய மாலையை வாங்கிவந்து பதினாலாம் மெஷினுக்கு மேலிருக்கும் படத்துக்குப் போடுவார். விருந்தாளி என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். கோபுரத்தை நிமிர்ந்து பார்த்ததில் கழுத்து சுளுக்கிக்கொண்டது. சாமி கும்பிட்டு வெளியே வந்து, சுடச்சுடப் பால்கோவா வாங்கி, நின்ற இடத்திலேயே தின்றேன். ஊரில் என் பிள்ளைகளுக்கு வாங்கியதில் பாதியையும் அங்கேயே தின்றேன்.

திரும்பும்போது தேரடிப் பக்கம் அம்பாசடர் நின்றுவிட்டது. தள்ளினோம். கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வக்கீல் கறுப்புக் கோட்டோடு வந்து தள்ளினார். பால்கோவாக் கடைக்காரர் தள்ளினார். கார் மசியவில்லை. மெக்கானிக் வரட்டும், நான் இருக்கிறேன், பத்து மணிக்குள் படத்துக்கு மாலை விழ வேண்டும், நீங்களும் ஞானமுத்துவும் பஸ்ஸில் போங்கள் என்று முதலாளி மாலையை என் கையில் கொடுத்தார். துளசி அடர்ந்த கனமான மாலை.

எங்கள் ஊர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் செத்தே போனாலும் கடைசி நிறுத்தத்தில்தான் தெரியும். இங்கே நான் உட்கார்ந்த மறுநிமிடம் எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பிள்ளை என்பது பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. மாலையைப் பார்த்ததும் பாதிப் பேர் எழுந்துவந்து கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஆளுக்கு ஓர் இலை கேட்டார்கள். கொடுத்தேன். இராஜபாளையம் வருவதற்குள் மாலை முடி வெட்டிக்கொண்டது போல் ஆகிவிடுமோ என்று பயந்து கடைசியில் மடியோடு அணைத்துக்கொண்டேன்.

ஞானமுத்து பஸ் டிரைவருக்குப் பின்னால், வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பஸ் வலது பக்கம் திரும்பும்போதெல்லாம் அவருடைய வலது கை ஜன்னலுக்கு வெளியே நீண்டு சைகை காட்டியது. நிறுத்தம் வந்தால் கை மேலும் கீழுமாக ஆடியது. பின்னால் வந்த லாரிக்கு வழி விட்டதும் அவர்தான். பஸ்ஸை நீர் ஓட்டுகிறீரா நான் ஓட்டுகிறேனா என்று டிரைவர் திரும்பிப் பார்த்துக் கேட்டார். ஞானமுத்து கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த திருப்பத்தில் அது மறுபடி வெளியே போனது.

“பதினெட்டு வருசம் லாரி ஓட்டின கை சார். நாம சொன்னாக் கேக்காது,” என்றார்.

எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. சீனியம்மாளின் கையை நிறுத்த நான் யார்? அது போகட்டும். நூல் அறுந்தால் அந்தக் கை ஒரு விநாடிக்குள் அதே இடத்துக்குத்தான் வரும். அந்த இடத்தில் ஒளிக்கதிரை வைத்துவிட்டால் கையே சிக்னல். பஞ்சுத் துணுக்குக்கு அசையாத அளவு கருவியை மந்தமாக்கி வைக்கலாம், கை என்பது எவ்வளவு பெரிய பொருள்! பஸ்ஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்துப் பெண்மணி ஆண்டாளை நினைத்துச் சிரிக்கிறேன் என்று எண்ணி இன்னோர் இலை கேட்டார்.

மில்லுக்குப் போனதும் ஏணியில் ஏறி, பழைய மாலையைக் கழற்றி, புது மாலையை என் கையாலேயே படத்துக்குப் போட்டேன். பிறகு கதிர்களுக்கு ஒரு சாண் முன்னால் ஒளிக்கதிரை வைத்தேன். எல்லாம் தயார். நூல்தான் அறவில்லை. சாயங்காலம் வரை விளக்கைப் போட்டுக் காத்திருந்தேன். ஒன்றுகூட அறவில்லை. கேமராவைக் கண்டதும் அம்மாளுக்குக் கவனம் வந்துவிட்டது, பார்த்தீர்களா என்றார் மாஸ்டர். என் எட்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து ஒரு நூலை அறுக்கலாமா என்று யோசித்தேன்.

சனிக்கிழமை. காலையிலிருந்து விளக்குகள் எரிந்தன. இந்தக் கேமராவுக்கு வெளிச்சம் அவ்வளவு வேண்டும். இரண்டு விளக்கும் போட்டால் பக்கத்தில் அப்பளம் சுடலாம். எட்டு மணி, ஒன்பது மணி, பத்து மணி. நூல் சமர்த்தாக ஓடியது. சீனியம்மாள் நூல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் மெஷின் நன்றாக ஓடுவதைப் பார்த்து இவ்வளவு துக்கப்பட்ட ஒருவரை நான் எங்கும் கண்டதில்லை.

மெஷின்களுக்கு மேலே ஒரு கம்பியில் ஊதுகுழாய் ஒன்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்க்கொண்டே இருக்கும், தங்கும் பஞ்சை ஊதித் தள்ளுவதற்கு. பதினொரு மணி சுமாருக்கு அது எங்கள் தலைக்கு மேல் ஊதிக்கொண்டு போனது. அது கடந்ததும் ஒரு நூல் அறுந்தது. சீனியம்மாளின் கை பாய்ந்தது. கேமரா க்ளிக் என்று நின்றது. அவர் ஒட்டி முடித்துவிட்டு, என்னைப் பார்த்து, பட்டனை அமுக்க மறந்துட்டேனே தம்பி என்றார். அமுக்கிவிட்டீர்கள் என்றேன்.

சின்ன டிவியை ஸ்டூலில் வைத்தேன். முதலாளி வந்தார், மாஸ்டர் வந்தார், ஞானமுத்து வந்தார். சீனியம்மாள் பின்னால் நின்றார். படத்தை ஓட்டினேன். பத்து நூலும் அசையாமல் நின்றன. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேலிருந்து ஏதோ ஒன்று, கரும்பச்சையாக, ஓரம் சுருண்டு, ஊஞ்சலில் வருவது போல் ஆடி ஆடி இறங்கியது. ஒரு நூலின் மேல் படிந்து, அதோடு சுற்றிக் கீழே போய், வளையத்தில் சிக்கியது. நூல் அறுந்தது.

மாஸ்டர்தான் அது என்ன பூச்சியா என்று கேட்டார். நான் சட்டைப் பையில் கையை விட்டேன். பஸ்ஸில் உதிர்ந்தது ஒன்று அங்கேயே கிடந்தது. எடுத்துத் திரையின் பக்கத்தில் பிடித்தேன். துளசி.

எல்லோரும் நிமிர்ந்து மேலே பார்த்தோம். என் விளக்குச் சூட்டில் ஒரே நாளில் அப்பளமாகிப் போன மாலை, ஊதுகுழாய் திரும்பி வந்ததும் ஒருமுறை சிலிர்த்துக்கொண்டது. வழக்கமாக அது இப்படிக் காய வியாழக்கிழமை ஆகும். இந்த வாரம் நான் உதவி செய்திருந்தேன். மாலையைப் போட்டதும் நான்தான் என்பது அப்போது நினைவுக்கு வந்து, விளக்குகளை அணைத்தேன்.

முதலாளி செருப்பைக் கழற்றினார். டிவியைப் பார்த்துக் கைகூப்பினார். மாஸ்டரும் கழற்றினார். ஞானமுத்து வேதக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவரும் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். இன்னொரு தடவை போடுங்கள் என்றார் முதலாளி. போட்டேன். தாயார் கழுத்தில் கிடந்த இலை இவ்வளவு நிதானமாக இறங்குவதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், ஐந்து தடவை போட்டேன்.

பிறகு அவர் சீனியம்மாளைத் திரும்பிப் பார்த்து, இது உனக்கு முன்பே தெரியுமா அம்மா என்று கேட்டார்.

“சந்தேகம் உண்டு மொதலாளி. மெஷின்ல துளசி கெடக்கும், கண்ணுல ஒத்தி வாயில போட்டுக்கிடுவேன்,” என்றார் அவர். “தாயார் மாலைதான் நூலை அறுக்குதுன்னு என் வாயால எப்படிச் சொல்ல? வேஸ்ட் ரூமுக்கே போயிரலாம்னு இருந்தேன்.”

முதலாளி அவரிடம், பதினாலில் நீயேதான் இருக்க வேண்டும் என்றார். அப்புறம் மாஸ்டரிடம் தெலுங்கில் நிறையச் சொன்னார். ஞானமுத்து என் காதருகே வந்து, படத்தைக் கழற்றி மாஸ்டர் நாற்காலிக்கு நேர் மேலே மாட்டச் சொல்லுதாரு, வாரா வாரம் மாலை அங்கேதான் விழுமாம், தலையில இலை விழுந்தா ஏதாச்சும் அறுதான்னு பாத்துச் சொல்லச் சொல்லுதாரு என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ராணுவ ஒழுங்கு கொஞ்சம் தளர்ந்திருந்தது.

இரண்டு மணிக்குப் பட்டியல் ஒட்டினார்கள். பதினாலுக்கு நேரே சீனியம்மாள் பெயர் இருந்தது. அவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். நான் கெஸ்ட் ஹவுஸில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். நாய் வாசலில் காத்துக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை தன் கையைப் படம் பிடித்தீர்களே, அதை ஒரு தடவை பார்க்கலாமா என்று கூச்சத்தோடு கேட்டார்.

டிவியை வெளியே எடுத்து டேப்பை ஓட்டினேன். திரை முழுக்க அவருடைய விரல்கள். ஆள்காட்டி விரல் நூலின் நுனியைத் தேடாமலே தொட்டது. கட்டைவிரல் வந்து சேர்ந்துகொண்டது. இரண்டும் நூலை உருட்டாமல், நசுக்காமல், உருளையிலிருந்து இறங்கும் பஞ்சோடு சேர்த்துவிட்டு விலகின. சோடா பாட்டில், பிஸ்கட் என்று எத்தனையோ பார்த்திருக்கிறேன். இத்தனை அழகாக எதுவும் இருந்ததில்லை என்று அவரிடம் சொன்னேன். சொல்லும்போதே இதை முதலாளிக்கும் மாஸ்டருக்கும் போட்டுக்காட்ட வேண்டும் என்று தோன்றியது, அதையும் சொன்னேன்.

சீனியம்மாள் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடிய அந்தப் படத்தைக் கடைசி வரை பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது. அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, டிவிக்கு முன்னால் முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டார்.

“அவியகிட்ட இதை மட்டும் காட்டிராதிய தம்பி,” என்றார். “இம்புட்டு மெதுவாவா வேலை பாக்கேன் நான்?”